தில்லையம்மாளின் வாடை நோட்டு

கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் கம்பெனி ஒன்று தன் ஆலையை இரண்டு மடங்காக்க அனுமதி கேட்டிருந்தது. சட்டப்படி சுற்றியுள்ள மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அதற்காகத்தான் கடலூரில் அந்த மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். மணமக்கள் உட்காரும் மேடையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

தில்லையம்மாளின் டோக்கன் எண் பதினேழு. மடியில் மஞ்சள் பை, பைக்குள் மூன்று நோட்டுகள். பதினான்காம் எண்ணைக் கூப்பிட்டபோது அவர் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே நீலச் சட்டை போட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் நூறு பேர். ஆதரவுக் கூட்டம் காட்டக் கம்பெனி வேனில் ஏற்றிவந்தவர்கள். நாலாவது வரிசை ஓரத்தில் அவருடைய கணவர் கொளஞ்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையிலேயே ஒப்பந்ததாரரின் மேஸ்திரி ராஜமாணிக்கம் வீட்டுக்கு வந்து போயிருந்தார்.

"அண்ணி, கூட்டத்துக்கு வாங்க. பிரியாணி சாப்புடுங்க. மைக்க மட்டும் புடிக்காதீங்க."

"புடிச்சா?"

"மைக்கு ஒங்க கையில இருக்கும். அண்ணன் கார்டு என் கையில இருக்கும்."

கார்டு என்றால் ஆலை வாசலில் தேய்க்கும் அட்டை. பச்சை விளக்கு எரிந்தால் அன்றைக்கு வேலை. இருபது வருடமாகக் கொளஞ்சியின் வாழ்க்கை அந்தப் பச்சை விளக்கில்தான் ஓடுகிறது.

தில்லையம்மாள் சிதம்பரம் பக்கத்துக்காரர். சிவபுரி அருகே நடவு வேலைக்குப் போகும் குடும்பம். பத்தாவது வரை படித்தார். அவருக்குப் பெண் கேட்டு வந்தபோது தரகர் சொன்னது இரண்டே சொல்: "கம்பெனி மாப்பிள்ளை." வேறு எதையும் யாரும் விசாரிக்கவில்லை. மழையை நம்பாத சம்பளம், மாதம் பிறந்தால் வரும் சம்பளம் என்று அவர் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

அந்த மாப்பிள்ளை இன்றுவரை கம்பெனி ஆள் இல்லை. ஒப்பந்ததாரரின் பெயர் ஆறு முறை மாறியது. மாறும்போதெல்லாம் கொளஞ்சி புதிதாகச் சேர்ந்தவராக எழுதப்பட்டார். அதே டேங்க், அதே வால்வு, அதே கை. காகிதத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் முதல் நாள். இருபது வருட அனுபவத்தை ஆறு முறை அழிக்கும் இந்த வித்தைக்கு நம் நாட்டில் நிர்வாகத் திறமை என்று பெயர்.

இதற்குள் உப்பனாற்றில் வலை வீசியவர்கள் வலையைச் சுருட்டிவிட்டு ஆலை வாசலில் வரிசையில் நின்றார்கள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் மஞ்சளானது. கொளஞ்சியின் ஊரான நாணல்மேட்டுக்கு ஒரு காலத்தில் போட்டி போட்டுப் பெண் கொடுத்தார்கள். இன்று பெண் கேட்டுப் போனால், "பையன் இருக்கட்டும், ஒங்க ஊர்த் தண்ணி எப்படி?" என்கிறார்கள்.

மகள் இலக்கியாவின் கண்கள் ஒருநாள் காலையில் ரத்தமாகச் சிவந்தன. அம்மன் பார்வை என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். வேப்பிலை கட்டினார்கள். அந்த வருடம் அம்மன் கோயில் குடமுழுக்குக்குப் பந்தல் போட்டுக் கொடுத்ததும் கம்பெனிதான். தெற்குக் காற்று அடிக்கும் நாளில் மட்டும் அம்மனுக்கு ஏன் கோபம் வருகிறது என்று கேட்ட ஒரே ஆள் தில்லையம்மாள். ஆலை ஊருக்குத் தெற்கே இருக்கிறது.

அன்று ஆரம்பித்தது நோட்டு. தேதி, மணி, காற்று வந்த திசை, வாடை, உடம்பு என்ன சொன்னது. வேதிப்பொருள்களின் பெயரை அந்த ஊருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அதனால் தெரிந்த பெயர்களை வைத்துக்கொண்டார்கள்: அழுகின முட்டை, நகப்பூச்சு, பலாப்பழம். இவற்றில் பலாப்பழம்தான் மோசம். அது வந்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடைக்கும். பண்ருட்டிப் பலா விளையும் மாவட்டத்தில், பலாப்பழம் என்றதும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஊர் அது ஒன்றுதான்.

போன ஜூனில் ஒரு தவறு நடந்தது. காடாம்புலியூரிலிருந்து அக்கா கணவர் மணவாளன் வந்தார். வீட்டில் யாரும் இல்லாததால் கொண்டுவந்த பழத்தைப் பின்கொட்டகையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை அது பழுத்து வெடித்தது. வாடையை மோந்த தில்லையம்மாள் நோட்டில் எழுதினார், தெருவையே கிளப்பினார், அதிகாரிகளுக்குப் போன் செய்தார். ஜீப் வந்தது. கம்பெனி மேனேஜரும் கூட வந்தார். வாடையைப் பிடித்துக்கொண்டே போனவர்கள் தில்லையம்மாள் வீட்டுக் கொட்டகையில் போய் நின்றார்கள். மேனேஜர் ஒரு சுளை எடுத்துச் சாப்பிட்டு, "நல்ல இனிப்பு" என்றார்.

மணவாளன் போனில் சிரித்தார். "ஏன் தில்ல, எம் பழத்துக்குக் கவர்மெண்டு ஜீப்பு வந்துதாமே."

"சிரிங்க மாமா. நாலு வருஷம் எழுதுனத ஒத்தப் பழம் தின்னுட்டுது."

அந்தப் பழம் இன்று மண்டபத்துக்கும் வரும் என்று அவருக்குத் தெரியும்.

"பதினேழு."

எழுந்தார். நீலச் சட்டைகளில் கொளஞ்சி மட்டும் நிமிர்ந்து பார்த்தார். தில்லையம்மாள் மைக்கைப் பிடித்து, நோட்டிலிருந்து தேதி தேதியாக வாசித்தார். முதல் பக்கம் முடிவதற்குள் மேனேஜர் கைதூக்கினார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

"போன ஜூன் பதினொண்ணாம் தேதி என்ன எழுதியிருக்கீங்க? அதையும் படிச்சிடுங்கம்மா."

நீலச் சட்டைகள் சிரித்தன. சிலர் உண்மையாகவே சிரித்தார்கள். ராஜமாணிக்கம் திரும்பிப் பார்த்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள்.

தில்லையம்மாள் பக்கத்தைத் தேடி எடுத்தார்.

"காலை ஏழு இருபது. பலாப்பழ வாடை. காற்று இல்லை." நிறுத்திவிட்டு அடுத்த வரியை வாசித்தார். "பன்னிரண்டாம் தேதி எழுதியது: தவறு. மணவாளன் மாமா கொண்டுவந்த பழம். நெஞ்சு அடைக்கவில்லை, காற்றும் இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்."

சிரிப்பு அடங்கியது.

"ஆயிரத்து நூறு வரிக்கு மேல இருக்கு சார். இந்தத் தப்ப நீங்க கண்டுபுடிச்சி எழுதல, நாந்தான் எழுதி வெச்சிருக்கேன். ஒங்க புகைபோக்கிலயும் மிஷினு இருக்குல்ல, அது எழுதுற கணக்க ஒருநாளாவது எங்களுக்குக் காட்டுனீங்களா? கொண்டாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாப்போம்."

மேனேஜர் விடவில்லை. "ஒங்க வீட்டுக்காரர் எங்க பிளாண்ட்லதான் இருக்காராம். உள்ள நடக்கிறத அவர் சொல்லி எழுதுறீங்களோ?"

கொளஞ்சியின் பக்கத்திலிருந்தவர் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவரு சொன்னது இதுல ஒரு எழுத்துகூட இல்ல. கேட்டாலும் சொல்ல மாட்டாரு. என் மூக்குக்கு எட்டுனத மட்டுந்தான் எழுதுறேன்."

அது உண்மை. நான்கு வருடமாக அந்த வீட்டில் நோட்டைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. வேலையும் வாழ வேண்டும், நோட்டும் வாழ வேண்டும் என்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அதுதான். உண்மை சொல்லும் வாயையும் சோறு போடும் கையையும் ஒரே வீட்டுக்குள் பிரித்து வைக்கும் தொழில் வளர்ச்சி யாருடைய வளர்ச்சி?

"பதிவு செய்துகொள்கிறோம்" என்றார் மேடையிலிருந்த அதிகாரி. பதினெட்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போன கொளஞ்சி ஏழு மணிக்குத் திரும்பி வந்தார். மூன்று முறை தேய்த்தாராம். மூன்று முறையும் சிவப்பு. காவலாளி முகத்தைப் பார்க்காமல், "மேஸ்திரியப் பாருங்கண்ணே" என்றாராம். மேஸ்திரி போனை எடுக்கவில்லை.

தில்லையம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நின்றார். என்ன திட்டு வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நேற்றே முடிவு செய்திருந்தார்.

கொளஞ்சி நீலச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"நோட்டு எங்க?"

"எதுக்கு?"

"அந்தப் பலாப்பழ வாடை எந்த டேங்கிலேர்ந்து வருது, எந்த வால்வ எப்பத் தொறக்கச் சொல்லுவாங்கன்னு சொல்றேன். எழுதிக்க."

தில்லையம்மாள் பையிலிருந்து நோட்டை எடுத்தார். புதுப் பக்கம் திருப்பினார். பேனாவை அவர் பக்கம் நீட்டினார்.

"நான் மோந்ததத்தான் நான் எழுதுவேன். இது நீங்க பாத்தது. நீங்களே எழுதுங்க."

கொளஞ்சி தரையில் உட்கார்ந்து நோட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். முதலில் தேதியைப் போட்டார். பிறகு தன் பெயரை, தகப்பன் பெயரோடு, முழுதாக எழுதினார்.