நுரை வராத புட்டி

என் அக்காவுக்கு அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை, சந்தேகம் என்றுதான் கூப்பிடுவோம். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்கிற காரியம். இவள் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். பெண் பார்க்க வந்த அத்தான் சம்மதம் சொல்லிவிட்டுப் போன மறுநாள், நல்லா யோசிச்சுத்தான் சொன்னீங்களா என்று போன் போட்டுக் கேட்ட மகராசி அவள். அத்தான் அன்றைக்கே சுதாரித்திருக்கலாம்.

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்க ஓர் ஆய்வகம் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். நான் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். என் கத்தரி தப்பினால் கொஞ்ச நாளில் முடி வளர்ந்துவிடும், அதுவரை தொப்பி போட்டுக்கொள்ளலாம். அவள் வேலை அப்படியில்லை. ஒரு மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்கு, அதன் நல்ல பிரதியை உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் மருந்து அங்கே தயாராகிறது. கொண்டுபோகும் வண்டி, வைரஸ். நோய் தரும் சரக்கை இறக்கிவிட்டு, நல்ல மரபணுவை ஏற்றி அனுப்புவார்கள். மருந்தில் வேறு கிருமி கலந்திருக்கிறதா, சரக்கு ஏறிய வண்டி எத்தனை, காலி வண்டி எத்தனை என்று பார்த்துச் சொல்வது அக்கா வேலை. அவள் சரி என்றால்தான் மருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்.

ஒரு தடவை மருந்து தயாரானது ஒரே ஒரு குழந்தைக்காக. பெயரெல்லாம் சொல்லமாட்டார்கள். கழுத்து நிற்காத குழந்தை, சீக்கிரம் மருந்து ஏற்றினால்தான் பலன் இருக்கும் என்பது மட்டும் தெரியும். மறுபடி தயாரிக்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் காலம் கடந்துவிடும். அந்த மருந்தில் சரக்கு ஏறிய வண்டிகளை அக்கா எண்ணிப் பார்த்தபோது, இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. கருவி மேல் பழி போடவும் வழியில்லை. அளவு தெரிந்த பழைய மாதிரி ஒன்றையும் கூடவே எண்ணுவார்கள், அது சரியாகத்தான் வந்திருந்தது.

தயாரிப்புப் பிரிவுத் தலைவர் இவளிடம் வந்து இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். இவள் மசியவில்லை. காரணம் தெரியாமல் மறுபடி எண்ணக்கூடாது என்பது அங்கே சட்டம். பிடித்த விடை வரும்வரை எண்ணிக்கொண்டே போனால் கெட்ட மருந்தும் ஒருநாள் தேறிவிடும் என்பாள். காரணம் தேடி எல்லோரையும் குடைந்தெடுத்தாள். குளிர்பெட்டி சரியாக ஓடியதா, மருந்துக் குழாய்களைத் தூக்கிவந்தது யார் என்று ஒருவரை விடவில்லை. எதுவும் அகப்படவில்லை. மறுநாள் கூட்டம் போட்டு மருந்தை அழிப்பதாக முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் தொங்கிய முகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். எனக்கு அவள் மேல்தான் கோபம். இன்னொரு தடவை எண்ணினால் குடியா முழுகிவிடும் என்று சண்டை போட்டேன். மீன் வறுத்துக் கொடுத்தேன், பாதிதான் சாப்பிட்டாள். பிறகு சும்மா இருக்க முடியாமல், மீன் வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது. "ஏய், இந்தத் தண்ணியில சோப்பு கலந்தியா இல்லையா? எண்ணெய் டப்பாவ விட்டு வரமாட்டேங்குது."

"கலந்தேனே."

"கலந்தியா?"

"கலந்த ஞாபகம்" என்றேன். நல்லா யோசிச்சுச் சொல்லு என்று அடுத்த கேள்வி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. எட்டிப் பார்த்தால், ஈரக் கையில் டப்பாவைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள்.

"எனக்கும் ஞாபகம்தான்டி இருக்கு" என்றாள்.

அவள் விளக்கியது இதுதான். எண்ணுவதற்கு முன் மருந்தைப் பல மடங்கு நீர்க்கச் செய்யவேண்டும். நீர்க்கச் செய்யும் திரவத்தில் சோப்பு மாதிரி ஒன்றைத் துளியளவு சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் வைரஸ் பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கைக்கே வராது. பழைய மாதிரியை அவளுடைய உதவியாளர், முன்பே தயாரித்து மிச்சமிருந்த திரவத்தில் கலந்துவிட்டார், அதனால் அது சரியாக வந்தது. அந்தக் குழந்தையின் மருந்துக்குப் புதுத் திரவம் தயாரித்தவள் இவளே. உலகத்தையே சந்தேகப்பட்டவளுக்குத் தன் கையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

காலையில் முதல் ஆளாகப் போய், மிச்சமிருந்த இரண்டு திரவங்களையும் புட்டியோடு குலுக்கினாள். முந்தைய புட்டி நுரைத்தது. இவளுடையது பச்சைத் தண்ணீராகக் கிடந்தது. இவள் கலப்பதற்கென்று புதிதாக எடுத்துவைத்த சோப்புத் திரவத்தின் மூடியோ முத்திரைகூட உடையாமல் இருந்தது. இரண்டு புட்டிகளையும் அப்படியே கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். முந்தின நாள் அவள் குடைந்தெடுத்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

"தப்பு என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டுக் குலுக்கிக் காட்டியிருக்கிறாள். தயாரிப்புத் தலைவருக்குத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லையாம். காரணம் கிடைத்துவிட்டது, இனி எண்ணலாம். ஆனால் இவள் கை வேண்டாம் என்று இவளே சொல்லிவிட்டாள். உதவியாளர்தான் எண்ணினார். எண்ணிக்கை இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. எனக்குப் போன் செய்து வாய் விட்டு அழுதாள். நானும் அழுதேன், நாற்காலியில் அரைத்தலை வெட்டிய நிலையில் உட்கார்ந்திருந்தவர்தான் பாவம்.

மருந்து போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவள் பட்ட பாடுதான் எங்களுக்குக் கொண்டாட்டம். புதிதாகச் சேருபவர்களுக்கு அவளே தயாரித்து வைத்திருந்த பரீட்சையை அவளையே எழுதவைத்தார்கள். உதவியாளர் திருத்தினார். கேள்விகள் ரொம்பக் கஷ்டம் என்று அக்காவே குறைபட்டுக்கொண்டாள்.

நெடுநாள் கழித்து, பெற்றோர் சம்மதத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சின்ன வீடியோ வந்தது. பாயில் அந்தக் குழந்தை உட்கார்ந்து ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆய்வகமே கைதட்டியதாம். அக்கா மட்டும் தட்டவில்லை, மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் போடச் சொன்னாள். திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பின்னாடி யாரும் பிடிச்சுக்கலையே? தானாத்தானே உட்கார்ந்திருக்கு?"

தானாகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அதன் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னாள்.