புள்ளியைத் துரத்தி சிதம்பரம் வரை

போன வாரம் மச்சானோடு சிதம்பரம் போனேன். சாமி கும்பிட அல்ல... காணாமல் போன கண்டெய்னரைத் தேட!

மச்சான் என்றால் என் தங்கை கணவர். காடாம்புலியூரில் முந்திரி கம்பெனி வைத்திருக்கிறார். கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து டிரெய்லரில் ஊருக்கு வரும். இந்த முறை கப்பல் லேட். கொட்டை உடைக்க வரும் பெண்களைத் தினமும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கும் பெட்டி வரலன்னா அவுங்கல்லாம் வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க மச்சான். அப்புறம் நான் கம்பெனி கேட்ட சாத்திட்டு உக்கார வேண்டியதுதான்."

பெட்டி எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு கருவி கூடவே வருகிறது. போனில் அது ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளி காலையிலிருந்து சிதம்பரம் கீழ வீதியில், ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னால் அசையாமல் நின்றது. டிரைவர் போனோ சுவிட்ச் ஆஃப். மனுஷன் பதறாமல் என்ன செய்வார்?

காரை எடுத்தோம், நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் மச்சான் கண் போனில். எதிரே வந்த எந்த வண்டியையும் அவர் பார்க்கவில்லை.

கீழ வீதியில் இறங்கி, பூக்கார அம்மாவிடம் கேட்டார்: "அக்கா, இங்க ஒரு கண்டெய்னர் வந்துச்சா?"

"அவ்ளோ பெரிய பெட்டியவா தேடுறீங்க? தொலைக்கிறதுக்கு அது என்னா மூக்குத்தியா?"

கருவியை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார்.

"கருவிய எங்க சார் வச்சிருக்கீங்க?"

"உள்ளதான், மூட்டைக்கு நடுவுல வைக்கச் சொன்னேன். வெளிய வச்சா எவனாவது கழட்டிக்கிட்டுப் போயிடுவான்ல?"

போனில் இருந்தவர் பொறுமையாக விளக்கினார்.

"இரும்புப் பெட்டிக்குள்ள சாட்டிலைட் சிக்னல் வராது சார். செல்போன் டவர வச்சு குத்துமதிப்பாதான் காட்டும். அதுவும் கிடைக்கலன்னா, கடைசியா காட்டுன எடத்துலயே நிக்கும்."

மச்சானை மட்டும் சொல்வானேன்? ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, பட்டனை அமுக்க முடியாமல் திட்டுகிறவர்கள்தானே நாம்? எதையும் பத்திரமாக வைப்போம்... வேலை செய்யத்தான் விடமாட்டோம்.

அப்போது தங்கை போன் செய்தாள்.

"என்னங்க, பெட்டி வந்து ஒரு மணி நேரமா நம்ம கம்பெனி கேட்டுல நிக்குது. ஓனர் வராம பெட்டிக் கதவுல இருக்கிற சீல வெட்ட மாட்டேங்கிறாரு டிரைவர். பொம்பளைங்க கெளம்புறேங்கிறாங்க, டீ குடுத்து உக்கார வச்சிருக்கேன். நீங்க எங்கதான் இருக்கீங்க? மொதல்ல லொகேஷன அனுப்புங்க!"

அனுப்பினார். திறந்த வெளியில் நின்றதால், எங்களை மட்டும் சாட்டிலைட் மிகச் சரியாகக் காட்டியது.