முகம் வைக்காத சிப்பாய்கள்

துபாயிலிருந்து லீவில் வருகிறவர்கள் அத்தரும் கம்பளியும் கொண்டுவருவார்கள். உம்மாவின் தம்பியான என் மாமா, பெட்டி நிறைய ஓட்டை உடைசல்களோடு வந்திறங்கினார். அங்கே பழைய சாமான் கடைகளில் பொம்மைச் சிப்பாய்களைத் தேடித் தேடிச் சேர்ப்பது அவருக்கு ஒரு பைத்தியம். அந்த முறை சிப்பாயை வார்க்கும் அச்சே கிடைத்துவிட்டதாம். ஜெர்மனியில் யாரோ எந்தக் காலத்திலோ செய்த இரும்பு அச்சு. கீழக்கரையில் எங்கள் தெருவே அதைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு மட்டும் மாமா பெரிய ஆளாகத் தெரிந்தார்.

வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கிவந்து, கொல்லையில் அடுப்பு மூட்டி உருக்கினார். அச்சின் இரண்டு பாதிகளையும் மெழுகுவத்திப் புகையில் கரி பிடிக்கவைத்து, இறுக்கி மூடி ஊற்றினார். அச்சில் சூடு போதாமல் முதல் சிப்பாய் கையில்லாமல் வந்தான். அடுத்தவன் துப்பாக்கியும் மீசையுமாக முழுசாக வந்தான்.

உம்மா எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"உருவம் இருக்குற வீட்டுக்கு அல்லா அனுப்புற மலக்குமார் வரமாட்டாங்க. இத இங்கன வைக்காத தம்பி."

"புள்ளைக வெளாடுற சாமான்தானே ராத்தா!"

உம்மா மசியவில்லை. அச்சில் சின்னக் கீறல் விழுந்தாலே துடித்துப்போகிற மாமா, முகம் இருந்த குழியில் களிமண்ணை அப்பி வழித்தார். காயவைத்து மறுபடி ஊற்றினார். இப்போது வந்தவர்களுக்குத் தொப்பிக்குக் கீழே வழவழவென்று ஒன்றுமே இல்லை. முகம் இல்லாவிட்டால் உருவம் ஆகாது என்று உம்மா சம்மதித்தாள்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். இருந்தாலும் ஒருவனை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இவரு யாரு மவளே?" என்று மாமா கேட்டார்.

"வாப்பா," என்றேன். "அவுக மொகமும் எனக்குத் தெரியாதுல்ல."

நான் தொட்டிலில் கிடந்தபோது சவுதிக்குப் போனவர் வாப்பா. அவருடைய போட்டோவையும் உம்மா சுவரில் மாட்டியதில்லை, பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாள். புது வீட்டு வேலை முடியட்டும் என்று அவர் வருவதைத் தள்ளிப்போடுவார். உம்மாவும் சரி சரி என்பாள். நான் சொன்னதைக் கேட்டதும் மாமா குனிந்து அடுப்பைக் கிளறினார். உம்மா உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வாப்பாவின் போன் வந்தது. சலாம் சொன்ன கையோடு உம்மா, "வீடு கெடக்கட்டும். நீங்க வந்துட்டுப் போங்க," என்றாள்.

பொம்மைக்கு வாப்பா என்று பேர் வைத்ததற்கு என்னை அடிக்கத்தான் அவரைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் சிப்பாயை அரிசிப் பானைக்குள் ஆழமாகப் புதைத்து வைத்தேன்.