அக்காவின் முழங்கால் அளவு

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் புல்தரையில் நின்ற வேப்பமரத்தை நட்டது நாங்கள் இரண்டு பேர். நானும் பக்கத்து வீட்டு அக்காவும். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. மூன்றாம் மாடியில் காரிடாரின் கடைசி வீடு அவளுடையது, அதற்கு முந்தியது என்னுடையது. கல்யாணமாகி நான் அங்கே வந்த புதிதில் முதலில் கதவைத் தட்டி, "சாம்பார் வச்சேன், ருசி பாரு" என்று கிண்ணத்தை நீட்டியவள் அவள்தான். அன்றிலிருந்து அந்தக் கிண்ணம் இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டே இருந்தது.

வேம்பு நான் ஆசைப்பட்டு வளர்த்தது இல்லை. தேக்கா மார்க்கெட்டில் வாங்கி வந்த கறிவேப்பிலைத் தொட்டியில் தானாக முளைத்தது. பிடுங்கிப் போடப் போனேன். அக்காதான் கையைப் பிடித்தாள். "அம்மன்டி அது, தானா வந்திருக்கு, விடு" என்றாள். வேறு தொட்டிக்கு மாற்றி காரிடாரில் வைத்தேன். கொஞ்ச நாளில் அக்காவின் மகனுக்கு அம்மை போட்டது. அந்தச் சின்னக் கன்றிலிருந்த இலையை எல்லாம் உருவி அவன் பாயில் பரப்பினோம். கன்று மொட்டையாக நின்றது. பையன் எழுந்து நடமாடியபோது அதுவும் துளிர்த்தது.

தொட்டி வெடித்ததும் கீழே கொண்டுபோய் நட்டோம். பொது இடத்தில் நம் இஷ்டத்துக்கு மரம் நடக் கூடாது என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் யாராவது புகார் செய்யாத வரைக்கும் யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்பதும் தெரியும். நான் குழி தோண்ட, அக்கா போலீஸ்காரி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு காவல் நின்றாள்.

மரம் வளர்ந்து மூன்றாம் மாடியைத் தாண்டியது. அக்காவின் ஹால் சன்னலை முழுக்க மறைத்து நின்றது. என் சன்னலுக்கு ஓரமாக ஒரு கிளைதான் வந்தது, அதற்கே எனக்குப் பொறாமை. பொங்கல், ஆடி என்றால் புளோக்கில் இருக்கிற தமிழர் வீடுகளுக்கெல்லாம் இலை இங்கிருந்துதான் போகும். சாயங்காலம் நாங்கள் இருவரும் ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு மரத்தடிப் பக்கம் இருக்கும் கல் முக்காலியில் உட்காருவோம். பேச்சு, பேச்சு, அப்படி ஒரு பேச்சு. பிறகு அக்காவுக்கு மூட்டுவலி வந்தது. கல் முக்காலி ரொம்பத் தாழ்வு. அவளோ நல்ல உயரம். உட்கார்ந்தால் எழ முடியாது, நான் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்க வேண்டும்.

நான் சாங்கியில் விமானச் சரக்குக்கு மரப்பெட்டி அடிக்கிற வேலையில் இருந்தேன். ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வருகிறேன், தூரத்திலேயே ரம்பச் சத்தம் கேட்கிறது. ஓடினேன். பாதி மரம் இல்லை. "தம்பி நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். தஞ்சாவூர்ப் பேச்சு பேசிய ஓர் ஊழியர் ரம்பத்தை அணைத்துவிட்டுக் கிட்டே வந்தார். "எங்கமேல கோவப்படாதீங்கக்கா. யாரோ கம்ப்ளைன் பண்ணிட்டாங்களாம். வெட்டச் சொல்லி டவுன் கவுன்சில் ஆர்டர்" என்றார். நான் புல்லில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். அந்தத் தம்பிக்கு என்ன தோன்றியதோ, அடிமரத்துத் துண்டுகளை லாரியில் ஏற்றாமல் எனக்கு ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார்.

அக்கா மேலே காரிடாரில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். "எந்தப் பாவி செஞ்ச வேலைக்கா இது?" என்று கேட்டேன். இரண்டாம் மாடிச் சீன அங்கிள் ஒருவர், பறவை எச்சம் துணியில் விழுகிறது என்று எப்போதும் முணுமுணுப்பார். "அவர்தான், வேற யாரு" என்றேன் நானே. அக்கா கீழே கிடந்த கிளைகளைப் பார்த்தபடி, "இருக்கும்" என்றாள். போதுமே எனக்கு. அன்று முதல் அந்த மனிதரை லிஃப்டில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கட்டையை என்ன செய்வது? பெட்டி அடித்த கை, ரம்பம் பிடிக்கத் தெரியும். அக்காவுக்கு ஒரு நாற்காலி செய்வது என்று முடிவெடுத்தேன். உயரமாக, பிடித்து எழக் கைப்பிடியோடு. மரம் இல்லாவிட்டாலும் அதே இடத்தில் அக்காவும் நானும் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. தையல் டேப்பை எடுத்துக்கொண்டுபோய் அவள் காலடியில் உட்கார்ந்து முழங்காலிலிருந்து தரை வரை அளந்தேன். அவள் கால் நடுங்கியது. "ரொம்ப வலிக்குதாக்கா?" என்று தைலம் தேய்த்துவிட்டேன்.

கேலாங்கில் தச்சு மேசை வாடகைக்குக் கொடுக்கிற மரப்பட்டறை ஒன்று இருந்தது. அங்கே கட்டையைப் பலகையாக அறுத்து, முனைகள் வெடிக்காமலிருக்க பெயின்ட் அடித்து, காற்றுப் போகப் பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கினேன். பச்சை மரத்தில் நாற்காலி செய்தால் காய்ந்ததும் கோணிக்கொண்டு நிற்கும். ஒரு வருஷத்துக்கு மேல் காயவிட்டேன். அந்த நாளெல்லாம் அக்கா என் வீட்டில் டீ குடித்துக்கொண்டு, "எதுவரைக்கும் வந்துச்சுடி உன் சேர்?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பெட்டி அடிப்பது வேறு, நாற்காலி வேறு. பெட்டிக்கு நான்கு ஆணி போதும். இதில் ஆணியே கூடாது என்று எனக்குப் பிடிவாதம். காலில் உளியால் துளை போட்டு, குறுக்குச் சட்டத்தின் முனையை அதற்குள் இறுக்கமாக நுழையும்படி செதுக்க வேண்டும். முதல் காலைப் பாழாக்கினேன். இரண்டாவதும் விரிந்தது. மரத்தைத் திட்டினேன், உளியைத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். இழைக்கும்போது வேப்பந்தூள் மூக்கில் ஏறி ஒரே தும்மல். உதட்டை நக்கினால் கசக்கும். வீட்டுக்கு வந்து டீ குடித்தால் அதுவும் கசக்கும். கடைசியில் நான்கு காலும் ஆடாமல் நின்றபோது பட்டறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நல்ல நாளாகப் பார்த்து ஆடி வெள்ளியன்று கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் வைத்தேன். "உட்காருங்க, உட்காருங்க" என்று குதித்தேன். அக்கா இரண்டடி பின்னால் போனாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, வேப்பமரத்துலயா உட்கார்றது? அதுவும் ஆடி வெள்ளியில? அம்மன் மேலயே உட்கார்ற மாதிரி லா. மாட்டேன்டி. என்னால முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. அடடா, இது கூட உனக்குத் தோன்றவில்லையே, மடச்சி என்று தலையில் அடித்துக்கொண்டேன். அன்றைக்கே சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, "தெரியாம செஞ்சுட்டேன் தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து நாற்காலிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கறிவேப்பிலைத் தொட்டி பக்கத்தில் காரிடாரிலேயே நிறுத்தினேன். யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

அது நடந்து சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். தமிழ் ஏஜெண்ட் ஒருவன் ஓர் இளம் ஜோடியை அழைத்துவந்து அக்கா வீட்டுக் கதவைச் சாவி போட்டுத் திறந்தான். அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. ஹால் சன்னல் பக்கம் நின்று அவன் பேசியது காரிடார் முழுக்கக் கேட்டது.

"பாருங்க, வியூ ஃபுல்லா ஓபன். முன்னாடி ஒரு பெரிய மரம் மறைச்சுட்டு இருந்துச்சு. மரம் இருந்தா வீடு சீக்கிரம் போகாதுன்னு நான்தான் சொன்னேன். ஓனரே டவுன் கவுன்சிலுக்கு மறுபடி மறுபடி போன் பண்ணி வெட்ட வச்சுட்டாங்க."

நான் கையில் வாளியோடு அக்கா வீட்டுக்குள்ளேயே போய்விட்டேன். "எந்த ஓனர் தம்பி?"

"இந்த வீட்டு ஆண்ட்டிதான். நீங்க நெய்பரா? ரொம்ப நல்ல ஆண்ட்டி லா."

ரொம்ப நல்ல ஆண்ட்டி!

அக்கா சாயங்காலம் வந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"வீட்ட விக்கிறீங்களா?"

"மகன் செங்காங்ல கொண்டோ வீடு வாங்கியிருக்கான். அது கட்டி முடியட்டும், உங்கிட்ட சொல்லலாம்னு..."

"மரத்த?"

அக்கா கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "உங்கிட்ட சொன்னா நீ மரத்தக் கட்டிப்பிடிச்சுட்டு நின்னிருப்ப. மகன் தெனமும் போன்ல கத்துறான். நான் என்னடி பண்ணுவேன்?"

"நின்னிருப்பேன்தான்! அந்த இலையிலதானே அவனப் படுக்க வச்சோம்? அம்மன் மேல உட்காரக் கூடாதுன்னு எனக்குச் சொன்னீங்களே, அம்மன அறுக்கலாம்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீ அளவெடுத்தப்போ என் காலு நடுங்குச்சு. நீ வலின்னு நெனச்சுட்ட. அப்பவே சொல்லியிருக்கணும்."

"அப்ப சொல்லல. தைலத்த மட்டும் தேய்ச்சுக்கிட்டீங்க."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று வாயால் சொல்லுவோமே, அது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மரம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அழுகிற என்னை அவள் மேலே நின்று பார்த்தாளே. ஒரு பாவமும் அறியாத மனிதரை நான் வைதபோது "இருக்கும்" என்றாளே. மறுநாள் லிஃப்டில் அவருக்கு "மார்னிங் அங்கிள்" என்றேன். அவர் திடுக்கிட்டுத் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நானும் அக்காவும் பேசவில்லை. கிண்ணம் அவள் வீட்டில் மாட்டிக்கொண்டது.

வீடு காலி செய்யும் நாள் வந்தது. சோபா, கட்டில் எல்லாம் முதல் லாரியில் போய்விட்டன. இரண்டாவது லாரி வரத் தாமதம். காலியான வீட்டில் அக்காவுக்கு உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. சுவரைப் பிடித்தபடி காரிடாரில் நின்றாள். கால் மாற்றி மாற்றி நின்றாள். நான் என் கதவுக்குள்ளிருந்து கிரில் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போகவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. அக்கா நாற்காலியைப் பார்த்தாள். மஞ்சளும் குங்குமமும் காய்ந்து அப்படியேதான் இருந்தன. என் பக்கம் திரும்பாமலே போய் அதில் உட்கார்ந்தாள்.

அளவு அத்தனை சரியாக இருந்தது. பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்திருந்தன. முழங்கை கைப்பிடியில் ஒழுங்காகப் படிந்தது. ஒரு பெருமூச்சு விட்டாள். நான் அந்தப் பலகைகளை அடுக்கிய நாளிலிருந்து பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். அதை அப்படிப் பார்க்க வேண்டி வந்ததே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கீழே லாரி ஹாரன் அடித்தது. அக்கா கைப்பிடியை அழுத்தி, யாரும் தூக்கிவிடாமல் தானே எழுந்தாள். கண்டிப்பாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"முட்டி வலிக்கலடி" என்றாள்.

பிறகு பையிலிருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு லிஃப்டுக்குப் போனாள்.

லாரி போன பிறகு கிண்ணத்தை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு முதன்முறையாக நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நான் குள்ளம். கால் தரைக்கு எட்டவில்லை, அந்தரத்தில் தொங்கியது. நாற்காலியின் கால்களை அறுத்துக் குட்டையாக்க அதிக நேரம் ஆகாது, ரம்பம் வீட்டிலேயே இருக்கிறது. இன்னும் அறுக்கவில்லை.