சேமிக்கவா என்று கேட்ட பெட்டி

என் தொழிலைச் சொன்னால் யாரும் பெண் தரமாட்டார்கள். கணினியில் ‘அமைப்புகள்’ என்று ஒரு பெட்டி திறக்குமே, யாரும் விரும்பித் திறக்காத பெட்டி, அதை வடிவமைப்பதுதான் என் வேலை. எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அது என்ன சொல்ல வேண்டும் என்று ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து நாள் முழுவதும் யோசிப்பேன். இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் அப்பா இன்னும் நம்பவில்லை.

ஆனால் எனக்குப் பெண் வேண்டியிருந்தது. குறிப்பிட்ட ஒரு பெண். அவள் சம்மதம் சொல்லிவிட்டாள். பாக்கி அவளுடைய அம்மாதான். ஜெலாப்பாங்கில் ஒரு கல்யாண மண்டபத்தை நடத்துகிறவர். விளக்கு, ஏர்கோன், பாட்டு எல்லாவற்றையும் ஒரே கணினியில் இயக்கும் எங்கள் மென்பொருளை அங்கே போட வைத்ததே அவள்தான். என் திறமையைப் பார்த்து அம்மா மயங்கிவிடுவார் என்பது எங்கள் திட்டம். அவரை ‘ஆண்ட்டி’ என்று கூப்பிட்டபடி, எப்போது ‘அத்தை’ ஆவார் என்று காத்திருந்தேன்.

அவர் மயங்கவில்லை, கொதித்தார். இன்றைக்கு மாற்றி வைத்தது எதுவும் நாளைக்கு இருப்பதில்லையாம். ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளுக்காக, கல்யாண ஏற்பாட்டை நீக்கிப் பிறந்தநாள் பாட்டை வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் கேக்கில் கத்தி இறங்கும் நேரம் பார்த்துப் பாட்டுப் பொத்தானை அழுத்தினால், ஸ்பீக்கரில் கெட்டிமேளம் வெளுத்து வாங்கியிருக்கிறது. முன்வரிசைப் பெண்கள் பழக்கதோஷத்தில் பூவைப் பிய்த்துத் தூவ, குழந்தை கேக்கிலேயே முகத்தைப் புதைத்து அழுததாம்.

“ஒரு பொட்டியவே ஒழுங்கா வைக்கத் தெரியல, குடும்பத்த எப்படி வைப்பாருன்னு அம்மா கேக்கிறாங்க. கோப்பெங்ல ஒரு மாப்ள இருக்காராம், பேங்க் வேலையாம்,” என்று அவள் போனில் சொன்னாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னைத் திட்டினால் பொறுத்துக்கொள்வேன், என் பெட்டியைத் திட்டினால் மாட்டேன். அன்றைக்கே அதைப் பிரித்துப் போட்டேன். ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிந்திருந்த பக்கங்களை ஒரே பக்கமாக்கினேன். ‘இயல்புநிலை ஒலி அளவுரு’ என்று நானே எழுதியிருந்த கொடுமையைத் தூக்கிவிட்டு ‘பாட்டுச் சத்தம்’ என்று போட்டேன். எழுத்துகளைத் தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதுவதுபோலப் பெரிதாக்கினேன். புதுப் பெட்டியை மண்டபத்துக்கு அனுப்பினேன். மறுநாளும் ஆண்ட்டி மாற்றியதெல்லாம் பழையபடிதான் இருந்ததாம். கோப்பெங் பேங்க்காரர் என் கண்ணுக்குள்ளேயே நின்றார்.

வேறு வழியில்லாமல் நேரில் போனேன்.

“வாங்க தம்பி. பசியாறிட்டீங்களா? தேத்தண்ணி கலக்கவா?”

“வேணாம் ஆண்ட்டி, இப்பதான் குடிச்சேன்.”

“அட, குடிங்க லா.”

“ஐயோ, எதுக்கு ஆண்ட்டி சிரமம்.”

குடித்தேன். கூடவே இரண்டு வடையும் தின்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

பிறகு அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு எல்லாவற்றையும் மாற்றி வைக்கச் சொன்னேன். அழகாகச் செய்தார். ஒரு தடுமாற்றமும் இல்லை. என் பெட்டியை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. கடைசியில் மூடும்போது பெட்டி வழக்கம்போலக் கேட்டது: ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ கீழே இரண்டு பொத்தான்கள், ‘சரி’, ‘வேண்டாம்’. ஆண்ட்டி லேசாக வெட்கப்பட்டுச் சிரித்தார். ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார்.

“அலாமா! ஏன் ஆண்ட்டி?”

“என்ன தம்பி இப்படிக் கேக்கிறீங்க? நாங்க ரப்பர் தோட்டத்துல வளந்தவங்க. மொத தடவ கேட்டவொடனே சரின்னு சொன்னா, அலைஞ்சுக்கிட்டு வந்திருக்கா பாருன்னு பேச மாட்டாங்களா? இன்னொரு தரம் கேக்கும்னு பாத்தேன். கேக்கல. சரி, அதுக்கு மனசு வரல போலன்னு விட்டுட்டேன்.”

“அது மிஷின், ஆண்ட்டி!”

“மிஷினா இருந்தா என்ன? கேட்டுச்சுல்ல?”

எனக்குச் சண்டை போடத்தான் ஆசை. ஆனால் வயிற்றில் அவர் போட்ட வடை இருந்தது.

ஆபீசுக்குத் திரும்பும் வழியெல்லாம் மனத்துக்குள் அவரைத் திட்டினேன். ஜெலாப்பாங் சிக்னலில் நிற்கும்போதுதான் பந்தி ஞாபகம் வந்தது. பந்தியில் யாரும் குனிந்து ‘சாம்பாரைச் சேமிக்கவா?’ என்று கேட்பதில்லை. ஊற்றிவிட்டுப் போகிறார்கள். வேண்டாதவன் இலைக்கு மேல் கையை நீட்டிக்கொள்கிறான். அன்று மாலையே அந்தக் கேள்வியைத் தூக்கி எறிந்தேன். இனி மாற்றினால் மாற்றியதுதான், அதுவாகவே சேமித்துக்கொள்ளும். மனம் மாறினால் அழுத்த, மூலையில் ‘பழையபடி’ என்று ஒரு பொத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சிலிம் ரிவரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். முந்தின நாள் ஆண்ட்டி மறுபடி எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்த கணினிக்குப் பக்கத்தில் நான் சாமி கும்பிட்டபடி நின்றேன். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் மெல்லிய பாட்டு வந்தது. ஏர்கோனும் யாரையும் நடுங்க வைக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெண் வீட்டார் அழுதுகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

பந்தியில் என் இலைக்கு ஆண்ட்டியே பாயசம் கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பொட்டி நல்லா வேல செய்யுது தம்பி. தைப்பூசம் முடியட்டும், உங்க ரெண்டு பேருக்கும் நிச்சயம் வச்சுக்கலாமா?”

இதற்காகத்தான் இத்தனை பாடும் பட்டேன். என் வாய், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தானாகவே பதில் சொன்னது.

“வேணாம் ஆண்ட்டி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

கரண்டி அந்தரத்தில் நின்றது. ஆண்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சரி, மனசு வரல போல,” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

கூப்பிடலாம் என்றால் தொண்டையில் அப்பளம். கையை ஆட்டினேன். பாயசம் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஓர் இலை தள்ளிப் போனார். எதிரே தண்ணீர்க் கூஜாவோடு நின்ற அவள்தான் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அம்மா, இவருகிட்டல்லாம் கேக்காதீங்க லா. நீங்களே சேவ் பண்ணிடுங்க.”

அத்தை திரும்பி வந்து, கேட்காமலே இரண்டு கரண்டி பாயசம் ஊற்றினார்.