ஏழு பேர்ச்சில் ஒரு தான்றி

மண்சரிவு அபாயம் என்று தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து எங்களைக் கிளப்பி, பசறைக்குக் கீழே வெயில் காயும் சரிவில் வீடு கொடுத்தார்கள். வீட்டோடு சேர்த்து நிலம் ஏழு பேர்ச்; இருபது எட்டு வைத்தால் அடுத்த வீடு. காணி உறுதிப் பத்திரம் பிறகு வருமாம். மரக்கன்று மட்டும் உடனே வந்தது.

கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை எல்லாம் ஒரு காலத்தில் இந்த வறண்ட புல்மலை முழுக்க நின்றனவாம். தீக்கும் வெளிநாட்டு டர்பன்டைன் மரத் தோப்புக்கும் தப்பியவை இப்போது அங்கொன்றும் இங்கொன்றும்தான் என்றார் கன்று கொண்டுவந்த யாழ்ப்பாணத்து அதிகாரி. ஆகவே வீட்டுக்கொரு சுதேச மரம். கன்று கொடுப்பதைப் படம் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பாய்ந்தேன். எனக்கு விழுந்தது தான்றி.

"இது எம்புட்டுப் பெருசா வளருங்க, ஐயா?" என்றாள் மனைவி.

"பெரிய விருட்சம், அம்மா. வீட்டிலையிருந்து நல்லாத் தள்ளி வையுங்கோ."

நல்லாத் தள்ளினால் பக்கத்து வீட்டு அடுப்படி. மறுபக்கம் தள்ளினால் எங்கள் கக்கூஸ் குழி. கன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"என்னா தம்பி, சாமி எங்க எறங்கப்போகுது?" என்று சிரித்தார் பக்கத்து வீட்டு அண்ணன். அவருடைய நெல்லியை அதற்குள் ஆடு தின்றிருந்தது.

சாமி கடைசியில் ஒரு பெயின்ட் வாளியில் இறங்கியது. வறண்ட கச்சான் காற்று தொடங்க, தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வருவது நின்றது. மற்ற வீட்டுக் கன்றுகள் கருகின.

"இருக்கிற தண்ணி ஒங்க மூஞ்சிக்கா, மரத்துக்கா?" என்றாள் மனைவி. என் மூஞ்சியால் நாட்டுக்குப் பயனில்லை என்பதால் மரத்துக்கே ஊற்றினேன்.

வேர் வாளியைச் சுற்றத் தொடங்கியதும் மேலே டர்பன்டைன் சரிவின் ஓரத்தில் கொண்டுபோய் நட்டேன். காவலுக்கு நின்ற தோட்டத்து வாட்சர் ஓடிவந்தார்.

"தோட்டத்துக் காணிங்க இது. இன்னிக்கு மரம் நடுவீங்க, நாளைக்கு வேலி போடுவீங்க. புடுங்குங்க!"

அந்த டர்பன்டைனையும் வரிசை வரிசையாக நட்டது எங்கள் ஆட்கள்தான். கூலிக்கு நட்டால் யாரும் வேலிக்குப் பயப்படுவதில்லை. பிடுங்கினேன். வேர் நுனி மண்ணோடு அறுந்து நின்றுவிட்டது. கன்று வாளிக்கே திரும்பியது.

அதிகாரி மறுபடி வந்தபோது எங்கள் வாசலில் நின்றுவிட்டார்.

"உயிரோட நிக்கிறது உங்கட கண்டு மட்டும்தான். ஆனா வாளிக்குள்ள கனநாள் நிக்காது. மண்ணிலை வையுங்கோ."

"வைக்கிறோங்க ஐயா," என்றாள் மனைவி. "எந்த மண்ணுலன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தார், மேலே தோப்பைப் பார்த்தார். பிறகு பையிலிருந்த குடிதண்ணீர்ப் போத்தலைத் திறந்து, முழுவதையும் வாளிக்குள் ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.