ஆள் பார்த்துச் சாயும் விமானம்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர்தான், வாய்தான் பெரிசு. ரிமோட்டில் குட்டிக்கரணம் போடும் பெட்ரோல் விமானம் ஒன்றை வாங்கி, ஹாலை அடைத்து நிறுத்தியிருந்தார்.

பறக்கவிடுமுன் எடை சரிபார்க்க வேண்டுமாம். இறக்கைகளுக்கு அடியில் அவர் போட்ட பென்சில் கோட்டில், ஆளுக்கொரு பக்கம் விரல் வைத்துத் தூக்க வேண்டும். மூக்கும் வாலும் மட்டமாக நின்றால் சரி.

ஒரு பக்கம் அவர். மறுபக்கம் அக்கா பிடித்தபோது மூக்கு தாழ்ந்தது. உள்ளே ரிமோட் கருவிக்கான பேட்டரியைப் பின்னால் தள்ளி வைத்தார். அக்கா சமையலறைக்குப் போக, நான் பிடித்தேன், வால் தாழ்ந்தது. முன்னால் தள்ளினார். திரும்ப அக்கா வந்தாள், திரும்ப மூக்கு தாழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே கூத்து. எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை.

"ஆளைப் பார்த்து சாயுதாடா இது?" என்று அத்தான் மண்டையைச் சொறிந்தார்.

எரிச்சலில் குனிந்து பார்த்தேன். அக்காவின் விரல் கோட்டைவிட்டு நன்றாகப் பின்னால் இருந்தது.

"ஏன்க்கா, கோட்டுல பிடிக்க வேண்டியதுதானே?"

"காலையில தெரியாம அதுல கை பட்டதுக்கு, கோடு அழிஞ்சிடும்னு உங்க அத்தான் அந்தக் கத்து கத்தினாரே! இன்னொரு தடவை தொடுவேனா நான்?"